டி.சி. வாங்குவதற்கு முன்: பள்ளியில் திருநர், பால்புதுமையர் பிள்ளைகளுக்கு உள்ள உரிமைகள்

காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குக் கிளம்பி, அங்கேயும் பாட்டிலைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன்னைப் பெண்ணாக உணரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிப் பதிவேட்டில் மாணவன். ஆண்கள் கழிப்பறைக்குப் போனால் கதவைத் தட்டிக் கூப்பாடு போடுவார்கள். பெண்கள் பக்கம் போகவே முடியாது. அதனால் நாள் முழுக்க அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

விஷயம் வீட்டுக்குத் தெரியவந்தால் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது, "டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம்" என்பதுதான். பல பள்ளிகளும் அதையே சொல்லி அனுப்புகின்றன. ஆனால் சட்டப்படி மாற வேண்டியது பள்ளி. பிள்ளை வெளியேற வேண்டியதில்லை.

பிறந்தபோது குறித்த பாலினத்தோடு தங்கள் உணர்வு ஒத்துப்போகாதவர்களைத் திருநர் என்கிறோம். அவர்களுக்கான திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் 2019இல் வந்தது. அதன் 3ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்களில் திருநரைச் சேர்க்க மறுப்பதையும், பாதியில் நிறுத்துவதையும், பாகுபாடாக நடத்துவதையும் தடை செய்கிறது. அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் படிப்பிலும் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் திருநர் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சமமாக இடம் தர வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. தனியார் பள்ளியும் இதில் அடக்கம். அடையாள அட்டையைக் காட்டினால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று இந்த இரண்டு பிரிவுகளிலும் எங்கும் இல்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. துன்புறுத்தலோ பாகுபாடோ நடந்தால் திருநர் மாணவர்கள் அணுகுவதற்குக் கல்வி நிறுவனத்தில் ஒரு குழு இருக்க வேண்டும். கேலி செய்பவர் ஆசிரியராகவே இருந்தாலும், அவர் முன்னால் அந்தப் பிள்ளை அவதிப்படாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. "ஆசிரியர் உட்பட" என்று விதியே சொல்லியிருப்பது பெரிய விஷயம். வருகைப் பதிவு எடுக்கும்போது ஓர் ஆசிரியர் குரலை மாற்றிப் பெயரை இழுத்துக் கூப்பிட்டால் போதும், வகுப்பு முழுக்கச் சிரிக்கும். அன்றைக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வரும்.

அப்புறம், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளுக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் பள்ளிக்கும் இது பொருந்தும்.

சரி, தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு கொள்ளும் தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளை? இரு பாலினத்தவர் மீதும் ஈர்ப்பு கொள்ளும் இருபாலீர்ப்பு உள்ள பிள்ளை? இவர்களையும் திருநரையும் சேர்த்துத்தான் பால்புதுமையர் என்கிறோம். 2019 சட்டம் திருநரைப் பற்றியது மட்டுமே. மற்ற பால்புதுமையர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் காக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட்டே ஆக வேண்டியது. அதற்காக இவர்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அதைத் துணைக்கு அழைக்கலாம். "நீ ஆணா பெண்ணா, காட்டு" என்று உடையில் கை வைப்பதைச் சேட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. அது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரக்கூடிய குற்றம். அந்தச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. தெரிந்தும் பள்ளி மூடிமறைத்தால் அதுவே தனிக் குற்றமாகும்.

தமிழ்நாட்டில் இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், தங்கள் உறவை எதிர்த்த குடும்பத்தாரிடமிருந்தும் போலீஸ் தொந்தரவிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். அந்த உத்தரவு பள்ளி, கல்லூரிகளைப் பற்றியும் பேசுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைப்பது, பாலினப் பொதுக் கழிப்பறை, விண்ணப்பப் படிவங்களில் ஆண், பெண்ணோடு மூன்றாவதாக ஒரு கட்டம், சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்கள் என்று அதில் நிறைய இருக்கிறது. திருநரோடு நிற்காமல் பால்புதுமையர் எல்லோரையும் சேர்த்தே அது பேசுகிறது. அதனால் புகார்க் கடிதத்தில் இந்த உத்தரவைத் தேதியோடு குறிப்பிடுங்கள்.

திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு வழிகாட்ட, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021இல் ஒரு கையேடு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே இணையத்திலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் நல்ல மனதுள்ள ஆசிரியர்கூட, என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாகிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இடஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு திருநர் பிள்ளைகளையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கதவு எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோதான் திறக்கும். நாலு வயதில் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தெரியும்? அதைவிட மத்திய அரசின் ஸ்மைல் திட்டம் கைக்கு எட்டக்கூடியது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுநிலை வரை ஆண்டுக்கு 13,500 ரூபாய் உதவித்தொகை. இதற்கு மட்டும் மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் சான்றிதழ் தேவை. 18 வயது ஆகாத பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இதைப் படிப்பவர் ஆசிரியராக இருந்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை, பிள்ளையிடம் கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். பள்ளியில் கேலி, வீட்டில் அடி என்றாகிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. "வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்குப் பயமில்லை?" என்று முதலில் கேளுங்கள். அது அத்தையாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். புகாரிலும் கேலி, அடி, கழிப்பறை மறுப்பு என்று நடந்ததை எழுதினாலே போதும். பிள்ளையின் ஈர்ப்பு என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

புகாரைத் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மறுநாளே மறந்துபோகும். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், யார் பார்த்தார் என்று வரிசையாக எழுதி, கடைசியில் என்ன வேண்டும் என்று ஒன்றிரண்டு வரியில் கேளுங்கள்: "ஆசிரியர் ஓய்வறைக் கழிப்பறையை என் பிள்ளை பயன்படுத்த நாளை முதல் அனுமதி வேண்டும்." அங்கே வேலை ஆகவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் போகலாம். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காமல் 14416 எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸ் ஆலோசகரை அழையுங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை, சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். அந்தச் சான்று கைக்கு வந்ததும், அதில் உள்ள தேதியிலிருந்து 15 நாளை எண்ணத் தொடங்குங்கள்.