வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் அந்த ஜெராக்ஸ் தாள்

ட்யூனிங் முடிந்து கருவிப் பையை மூடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். "சார், இதை எப்படிப் பார்த்துக்கணும்? படிக்கிறதுக்கு ஏதாவது கொடுங்களேன்." வீட்டுக்குள் முதல்முறையாக ஒரு பியானோ வந்திருக்கிறது. சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் வரை இழுவிசை. அதை எங்கே வைப்பது, எதைக் கொண்டு துடைப்பது என்று அவர்களுக்குச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. கேட்பது நியாயம்.

இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பல வருடங்கள் நான்கு பக்க ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்து வந்தேன். வெளிநாட்டு ட்யூனர் ஒருவர் எழுதிய புத்தகத்தில், ஈரப்பதம் பற்றி வரும் பகுதி அது. முதல் பக்கத்தின் மேல் மூலையில் என் பெயரும் செல் நம்பரும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். எழுதியவர் பெயர் எங்கும் இருக்காது. அது அச்சாகியிருந்த பக்கத்தை நான் ஜெராக்ஸ் எடுக்கவே இல்லை. மறைக்கும் எண்ணத்தில் செய்யவில்லைதான். ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் அதை நானே எழுதியதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அந்த வழக்கம் நின்றது. அந்த அம்மா வெகுகாலம் பியானோ சொல்லிக்கொடுத்தவர். குழந்தைகளுக்கான தியரிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைச் சொந்தச் செலவில் அச்சடித்தவர். என் தாளை நிதானமாகப் புரட்டிவிட்டு, "தம்பி, இது யார் எழுதினது?" என்றார்.

"ஒரு புத்தகத்துல இருந்து எடுத்தது, டீச்சர்."

"எழுதினவரைக் கேட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் தன் செல்போனை எடுத்து ஒரு பிடிஎஃப்பைக் காட்டினார். அவருடைய பயிற்சிப் புத்தகம்தான், முழுசாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. மாணவி ஒருத்தியின் அம்மா, "டீச்சர், இது நல்லா இருக்கு, உங்க மத்த பிள்ளைங்களுக்கும் அனுப்புங்க" என்று அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "என் பேர் இருந்த பக்கத்தை மட்டும் விட்டுட்டு ஸ்கேன் பண்ணியிருக்காங்க பாருங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சக ட்யூனர்களும் இசைக்கருவிக் கடைக்காரர்களும் படிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். நம் தொழிலில் இது சாதாரணமாக நடக்கிறது. தொழில்முறை இதழ்களின் கட்டுரைகள், புத்தகப் பகுதிகள், கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவல்கள் எல்லாம் குரூப் குரூப்பாகச் சுற்றுகின்றன, அங்கிருந்து வாடிக்கையாளர் கைக்கும் போகின்றன. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. கருவி நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் செய்கிறோம். ஆனால் அந்த அக்கறைக்கான செலவை, நமக்கு முகம் தெரியாத இன்னொரு ட்யூனர் தலையில் கட்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞர் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் சட்டம் படித்தவன் இல்லை, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம்முடையது 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுதிய அந்த நொடியிலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, வட்டத்துக்குள் 'சி' போட்ட அந்தக் குறியும் கட்டாயம் இல்லை. எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். வெளிநாட்டவர் எழுதியதுதானே என்றும் தள்ளிவிட முடியாது. இந்தியாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒருவர் நாட்டு எழுத்துக்கு மற்றவர் நாட்டிலும் பாதுகாப்புத் தரும் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். அவர்கள் எழுத்துக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

"டெல்லி ஜெராக்ஸ் கேஸ்ல அனுமதிச்சுட்டாங்களே" என்று சிலர் சொல்வார்கள். 2016 இல் வந்த அந்தத் தீர்ப்பு, டெல்லி பல்கலைக்கழக மாணவர்களின் பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்த கடையைப் பற்றியது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது நகலெடுப்பதற்குச் சட்டத்தின் 52 ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து வந்த தீர்ப்பு. கூலி வாங்கிக்கொண்டு ட்யூனிங் செய்துவிட்டு, கிளம்பும்போது கொடுக்கும் தாளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்து மேஜையில் வைத்துக்கொள்வது வேறு, ஸ்டாம்ப் அடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பது வேறு.

என்னை அதிகம் உறுத்தியது 57 ஆவது பிரிவு. இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் எழுதியவரிடமே இருக்கும் என்கிறது அது. நான் ஜெராக்ஸ் எடுக்காமல் விட்ட அந்த ஒரு பக்கத்தில் இருந்தது அதுதான்.

பெயரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வாங்குவது தனி. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் அப்படித்தான், மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருடையது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுப் பத்தி பத்தியாக எடுத்தாலும் இதே கதைதான்.

இசைத் தேர்வுப் புத்தகம் கேட்கும் பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சார், கிரேடு த்ரீ புக் பிடிஎஃப் இருக்கா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். இல்லை, கடையில் கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமை உள்ள பதிப்பின் அனுமதியில்லாத நகலைத் தேர்வு அறையில் பயன்படுத்தக் கூடாது என்று, இந்தத் தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் விதியே இருக்கிறது. நாம் உதவி என்று நினைத்து அனுப்பியது குழந்தைக்குத் தொந்தரவாக முடியலாம். பீத்தோவன் 1827 இல் இறந்தவர், அவர் இசை எல்லாருக்கும் பொது. ஆனால் இப்போதைய பதிப்பாசிரியர் ஒருவர் அதில் சேர்த்த விரல் எண்களும் விளக்கக் குறிப்புகளும் அவருடைய உழைப்பு.

சரி, அப்போது வாடிக்கையாளருக்கு என்னதான் கொடுப்பது?

இதற்கு விடை தேடும்போதுதான் என் ஜெராக்ஸில் இருந்த இன்னொரு பிழை தெரிந்தது. பெசன்ட் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. நவம்பர் மழையில் கூப்பிட்டார்கள், பாதிக் கீகள் அழுத்தினால் மேலே எழவில்லை என்று. போய்ப் பார்த்தால் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹியூமிடிஃபயர் ஓடிக்கொண்டிருக்கிறது, காற்றில் ஈரத்தைக் கூட்டும் மெஷின். "நீங்க கொடுத்த பேப்பர்ல போட்டிருந்ததே சார்" என்றார் வீட்டுக்காரர். போட்டிருந்தது உண்மைதான். பனிக்காலத்தில் நாள் முழுக்க ஹீட்டர் ஓடி, காற்று காய்ந்து, சவுண்ட்போர்டு (கம்பியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) வெடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதிய வரி அது. சென்னையில், வடகிழக்குப் பருவமழையில், கடற்காற்றில் அதை அப்படியே செய்தால் கீகளுக்குள் இருக்கும் துணி உறை (புஷிங்) ஊறி இறுகும், கம்பியில் துரு ஏறும், கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளி (ஹேமர் ஃபெல்ட்) நமத்துப்போகும். அந்த வீட்டில் எல்லாமே நடந்திருந்தது. எழுதியவர் மேல் தப்பில்லை. தன் ஊருக்கு அவர் சரியாகத்தான் எழுதினார். தப்பு என்னுடையது. அந்தப் பியானோவைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன்.

அதன்பிறகுதான் நானே எழுத உட்கார்ந்தேன். சட்டத்தில் நமக்கு இருக்கும் பெரிய வசதியும் இங்கேதான் இருக்கிறது. பதிப்புரிமை சொற்களுக்கும் படங்களுக்கும் அவற்றைக் கோத்த விதத்துக்கும்தான். உண்மை யாருக்கும் சொந்தம் இல்லை. காற்றில் ஈரம் கூடினால் சவுண்ட்போர்டு உப்பும், சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். இதை எந்தப் புத்தகத்தில் படித்தாலும், கையால் தொட்டுத் தெரிந்துகொண்டு நம் வார்த்தையில் சொல்லலாம். படித்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அவருடைய வாக்கியம் நம் பேனாவில் வந்துவிடும்.

என் தாள் இப்போது இரண்டே பக்கம். பியானோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழை நாளில் அந்தச் சுவர் ஊறும் என்று தொடங்குகிறது. ஏசியை இரவு மட்டும் போட்டுப் பகலில் நிறுத்தினால் மரம் தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரிகிறது, அதனால்தான் மாதத்திலேயே சுருதி கலைகிறது என்று ஒரு பத்தி. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் அது அடிக்கடி மாறாமல் இருப்பது என்று இன்னொன்று. கம்பளி ஃபெல்ட்டை அந்துப்பூச்சி தின்னும், அந்துருண்டையைத் துணியில் முடிந்து உள்ளே எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று நானே வரைந்த ஒரு படம். எலி. கரையான். மேலே பூ ஜாடியும் சாமி விளக்கும் வைக்கும் வழக்கம். இதெல்லாம் அந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்க வழியே இல்லை. இரண்டு பக்கம் எழுத எனக்கு மூன்று மாதம் ஆனது. எழுத்து எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் நாமே எழுத முடியாது என்பதும் தெரியும். பெடல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் நல்ல படத்தை என்னால் வரைய முடியாது. அப்படி மூன்று இடங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒருவர், பெயரை எடுக்காமல், எதையும் மாற்றாமல், என் வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று இரண்டே நாளில் பதில் போட்டார். அந்த மின்னஞ்சலை அச்சடித்து ஃபைலில் வைத்திருக்கிறேன். இன்னொருவர், நகல் வேண்டாம், தன் இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள் என்றார். அதையே கொடுக்கிறேன். மூன்றாமவர் பதிலே போடவில்லை. பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதனால் அந்தப் படம் என் தாளில் இல்லை. யமஹா, கவாய் போன்ற கம்பெனிகள் பயனர் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. முகவரி அனுப்பினால் போதும். அமெரிக்க ட்யூனர்களின் சங்கமான பியானோ டெக்னீஷியன்ஸ் கில்ட், வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கென்றே துண்டுப் பிரசுரங்கள் தயாரிக்கிறது. அவற்றை முறையாக வாங்கிக் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை அப்படியே இரவல் கொடுத்தாலும் பரிசாகக் கொடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நகலெடுப்பதில்தான் சிக்கல்.

இன்னொன்று மனசில் இருக்கிறது. நம் தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்கும், குருவிடமிருந்து எடுபிடிப் பையனுக்கும் கை மாறி வந்தது. தெரிந்ததை வெளியே சொல்லாமல் பூட்டி வைத்தவர்கள் நிறைய பேர். அதையெல்லாம் உடைத்து, பகலில் ட்யூனிங்குக்கு ஓடிவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்கள் சிலரே. அவர்கள் பெயரை வெட்டிவிட்டு நம் ஸ்டாம்பை அடித்தால், அடுத்து எழுத நினைப்பவருக்கு என்ன தெம்பு இருக்கும்?

என் தாளின் அடியில் ஒரு வரி போட்டிருக்கிறேன்: "இதை அப்படியே, எழுதியவர் பெயரோடு, யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். மாற்றுவதாக இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள்." போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து இளம் ட்யூனர் ஒருவர் போன் செய்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். "அண்ணா, கடல் காத்து பத்தின பத்தி எங்க ஊருக்கு வேண்டாமே, எடுத்துடட்டுமா?" தாராளமாக எடுங்கள், உங்கள் பெயரையும் என் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றேன். பத்து நாள் கழித்து அனுப்பினார். கடற்காற்று இருந்த இடத்தில், ஜூன் ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று ஜன்னல் ஓரத்துப் பியானோவை என்ன செய்கிறது என்று எட்டு வரி எழுதியிருந்தார். எனக்குத் தெரியாத விஷயம். இரண்டு முறை படித்தேன்.