பாட் மாட்டுவதற்கு முன் டிரான்சத்தைத் தட்டிப் பாருங்கள்

ஃபைபர் படகுக்கு அவுட்போர்டு பாட் (வெளியே மாட்டும் இன்ஜினைப் படகின் பின்பக்கத்திலிருந்து தள்ளித் தாங்கும் பெட்டி போன்ற அமைப்பு) மாட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு நீளம், அலுமினியமா ஃபைபரா, எத்தனை போல்ட் என்பதுதான். நான் முதலில் எடுப்பது சுத்தியல். பின்பக்கத்தில் இன்ஜினைத் தாங்கும் செங்குத்துப் பலகையை, அதாவது டிரான்சத்தை, பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடம் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்கும். ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிப்போன இடத்தில் சத்தம் தொப்பென்று அமுங்கிவிடும். அப்படிக் கேட்டால் பாட் பேச்சை அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுவேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கைப் பாருங்கள். 220 கிலோ இன்ஜினை நேரடியாக டிரான்சத்தில் மாட்டினால் அதன் எடை மையம் பலகையிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 70 செ.மீ. பாட் வந்தால் அது 90 செ.மீ. ஆகிவிடும். இன்ஜின் அதேதான், ஆனால் பலகையை வளைக்கும் திருப்புவிசை, அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கிய கணக்கு, 44-லிருந்து 198 கிலோ-மீட்டருக்குப் போய்விடுகிறது, நாலரை மடங்கு. மேல் வரிசை போல்ட்டுக்கும் கீழே பாட் அழுந்தும் இடத்துக்கும் 40 செ.மீ. இடைவெளி என்றால், படகு டிரெய்லரில் சும்மா நிற்கும்போதே மேல் வரிசை கிட்டத்தட்ட 500 கிலோ இழுவையைத் தாங்கியாக வேண்டும், இதில் பாட் எடையைச் சேர்க்கவே இல்லை. முன்னால் ஓடும்போது ப்ரொப்பெல்லர் தள்ளும் விசையும் பாட் அடிப்பகுதியை உள்ளே அழுத்தி, மேல் போல்ட்டுகளை வெளியேதான் பிடுங்கும். அலையில் எழும்பி விழும்போது எல்லாமே பல மடங்காகும்.

வேறொரு பட்டறையில் பாட் மாட்டிய படகு ஒன்று என்னிடம் வந்தது. ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் நட்டுகளைக் கால் சுற்று முறுக்க வேண்டியிருக்கிறது என்றார் உரிமையாளர். நட்டு தளர்கிறது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் உள்ளே மரம் நசுங்கிக்கொண்டிருந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது, ஸ்க்ரூடிரைவரை விட்டால் ஈரப் பஞ்சில் போவதுபோல் போனது. உள்பக்கம் போட்டிருந்த சின்ன வாஷர்கள் ஃபைபருக்குள் கிண்ணம் மாதிரிப் புதைந்திருந்தன. டிரான்சம் அடிப்பாகத்தோடு சேரும் மூலையில் ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் மேல்பூச்சில், மயிரிழை விரிசல். இன்னும் சில நடை போயிருந்தால் பலகையே பிய்ந்திருக்கக் கூடும், கரையில் அல்ல, கடலில்.

சுத்தியல் சத்தத்தில் சந்தேகம் வந்தால் உள்பக்கமிருந்து சின்னத் துளை போட்டு, துருவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளுப்பாக, காய்ந்து வந்தால் சரி. கறுத்து ஈரமாக வந்தால் உள்மரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும், மேலே ரெசின் பூசி மூடுவது நோயை மூடிவைப்பதுதான். ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்கு உள்ளே, ப்ரொப்பெல்லர் பகுதி டிரான்சத்துக்கு வெளியே இருக்கும் வகை) கழற்றிய பழைய ஓட்டையை அடைக்கிறீர்கள் என்றால், அதே கனத்தில் உள்மரம் வைத்து, சுற்றிலும் ஃபைபரைச் சரிவாகத் தேய்த்து (6 மி.மீ. கனத்துக்கு 72 மி.மீ. சரிவு, அதாவது 12 மடங்கு) எபாக்சி ரெசினில் கட்டுங்கள். காய்ந்துபோன பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் ரெசினைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

அப்புறம் துளை. மரத்தில் நேராக ஓட்டை போட்டு சீலண்ட் தடவினால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த மரம் ஊறிப்போனதே அப்படிப்பட்ட துளைகளால்தான். பெரிய துளையாகப் போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள், சீலண்ட் என்றாவது விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், உள்பக்கம் முழு வரிசைக்கும் ஒரே அகலமான தட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே தாங்கும் கடல்வகை சீலண்ட். சாதாரண சிலிகான் வேண்டவே வேண்டாம்.

துளை போடும் முன்பே செய்ய வேண்டிய இன்னொன்று: படகைத் தண்ணீரில் விட்டு, இன்ஜினுக்கு ஈடான எடையைப் பின்கோடியில் ஏற்றிப் பாருங்கள். தளத்து வடிகால் துளைகள் தண்ணீருக்குள் போனால் பேட்டரியையோ டேங்கையோ அணியத்துப் பக்கம் நகர்த்த வேண்டும், அல்லது மிதக்கும் தன்மையுள்ள மூடிய பாட் வேண்டும். மூடிய பாட் என்றால் அதற்குத் தனி வடிகால் அடைப்பானும், உள்ளே பார்க்க மூடியும் இருக்கட்டும். இன்ஜின் உயரமும் மாறும், 30 செ.மீ. பின்னால் போனால் சுமார் 25 மி.மீ. உயர்த்துவது ஆரம்பக் கணக்கு. மீதியை ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதனால் மேலும் கீழும் நகர்த்தத் துளைகள் உள்ள பாட் நல்லது.

அந்தப் படகின் டிரான்சத்தை உள்ளிருந்து வெட்டி எடுத்தபோது பாதி மரம் கையோடு அள்ள வந்தது. புது மரம் வைத்து, அதை அடிப்பாகத்து நீளக் கட்டைகளோடு முழங்கால் தாங்கிகளால் (மூலையில் வைக்கும் முக்கோணத் தாங்கிகள்) பிணைத்து, அதே பாட் மறுபடி மாட்டினோம். பத்து மணி நேரம் ஓடிய பிறகு நட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.