லிபிடோ: பாலுணர்வு அல்ல, வேட்கை

மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றின் விளக்கத்தாளைத் தமிழில் படிக்க நேர்ந்தது. மூலத்தில் லிபிடோ (உடலுறவில் இருக்கும் விருப்பம்) குறைதல், உடலுறவில் உச்சம் தாமதமாதல், பிறப்புறுப்பில் தொடுவுணர்ச்சி மங்குதல் என்று மூன்றும் தனித்தனியாக இருந்தன. தமிழில் மூன்றும் சேர்ந்து "பாலுணர்வு குறையலாம்" என்று ஒரே வரியாகிவிட்டன. இந்த மாத்திரையைச் சாப்பிடும் என் தோழி தொடக்கத்திலேயே அந்த வரியைப் படித்திருக்கிறாள், ஆசை குறையும் என்று சொல்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். சில மாதம் கழித்து என்னிடம் சொன்னாள்: "ஆசை இல்லாம இல்லடி. தொட்டா தெரியவே மாட்டேங்குது, மரத்துப் போச்சு." மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தாளில் இருந்தது அவள் பிரச்சினை இல்லையே! வயதாகிவிட்டது, உடம்பு இனி இப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

லிபிடோவுக்குப் பாலுணர்வு என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று. செய்தித்தாளின் மருத்துவப் பக்கம், கேள்வி பதில் பகுதி, காணொளிகளுக்குக் கீழே ஓடும் எழுத்து என்று எங்கும் இதுதான். இது ஏன் தவறு என்று ஒருமுறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும்.

சொல்லின் கதை சின்னதுதான். லிபிடோ லத்தீன் சொல். விருப்பம், ஆசை என்று பொருள். சிக்மண்ட் பிராய்ட் அதைத் தன் உளப்பகுப்பாய்வில் எடுத்தாண்ட பிறகு உலகமெங்கும் பரவியது. இன்று மருத்துவர்கள் அதைச் சொல்லும்போது பிராய்டின் கோட்பாட்டை நினைப்பதில்லை, உடலுறவில் ஒருவருக்கு இருக்கும் விருப்பத்தின் அளவைத்தான் சொல்கிறார்கள். இதன் வேர் சமஸ்கிருதத்தின் 'லுப்' என்னும் வேரோடு உறவுடையது. அங்கிருந்துதான் லோபம் வந்தது, தமிழில் கஞ்சனைக் குறிக்கும் உலோபியும் வந்தான். ஆக முழுக்க முழுக்க 'வேண்டும்' என்கிற மனநிலையைச் சொல்லும் சொல் இது. தோலில் என்ன தெரிகிறது, நரம்பில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் அதற்குள் இல்லை.

பாலுணர்வில் இருக்கும் 'உணர்வு' அப்படிப்பட்ட சொல்லா? மயக்க மருந்து கொடுக்கப்பட்டவருக்கு உணர்வு திரும்பியது என்கிறோம். அடிபட்ட காலில் உணர்வு இல்லை என்கிறோம். அப்புறம் நன்றியுணர்வு, குற்றவுணர்வு, நாட்டுணர்வு என்றும் சொல்கிறோம். விழிப்பு, தொடுவுணர்ச்சி, மன எழுச்சி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளும் சொல் அது. பொதுப்பேச்சில் அது அதன் பலம். ஆனால் மருந்து உடம்பில் எந்த இடத்தைத் தொட்டது என்று சொல்ல வேண்டிய தாளில் அதே பரப்புதான் ஆபத்து. பாலுணர்வு குறைந்தது என்றால் விருப்பம் குறைந்ததா, உடல் கிளர்வது குறைந்ததா, தொட்டால் தெரிவது குறைந்ததா, உச்சம் எட்டாமல் போனதா? நான்கையும் சொல்லலாம், அதனால் எதையும் சொல்லவில்லை.

நான்கும் ஒன்றோடொன்று பின்னியவைதானே, பிரித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டார். பின்னியவைதான். ஆனால் கெடும்போது வெவ்வேறு காரணத்தால் கெடுகின்றன, மருந்தும் வெவ்வேறு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. யோனியின் உட்சுவர் மெலிகிறது, அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது, ஈரம் சுரப்பதும் குறைகிறது. அந்தப் பெண்ணுக்கு விருப்பம் அப்படியே இருக்கலாம். வலிக்கிறது, அவ்வளவுதான். வலித்து வலித்து, பிறகு விருப்பமும் விலகிப்போகும், அது இரண்டாவது படி. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதே வறட்சி வரும், ஏனென்றால் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்கும் அதேதான், அந்த மருந்துகளின் வேலையே ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பது. இவர்களில் யாரிடமாவது "உங்களுக்குப் பாலுணர்வு குறைந்துவிட்டது" என்று சொன்னால் என்ன புரிந்துகொள்வார்கள்? தன் மனசில் ஏதோ கோளாறு என்றுதான். சரிசெய்ய வேண்டியது வறண்ட திசுவை.

மனச்சோர்வு மாத்திரைகளில் ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் அடங்கிய வகை இன்னொரு வழியில் வேலை செய்கிறது. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் கூடுகிறது, அதன் விளைவாக விருப்பம் குறையலாம், உச்சம் தள்ளிப்போகலாம், உறுப்பு மரத்துப்போகலாம். ஒருவருக்கு ஒன்று வரும், இன்னொருவருக்கு மூன்றும் வரும், பலருக்கு எதுவும் வராது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இது நீடிக்கலாம் என்று தாளில் எச்சரிக்கை சேர்க்க வேண்டும் என 2019இல் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கையைத் தமிழில் எழுதும்போது எந்தப் புலன், எந்த நிலை என்று பிரித்துச் சொல்லாவிட்டால் எச்சரிக்கை எதற்கு? (தாளைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அது வேறு தொல்லையில் கொண்டுபோய் விடும். மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.)

இந்தக் குழப்பத்தின் உச்சம் "பெண்களுக்கான வயாகரா". 2015இல் அமெரிக்காவில் ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது எல்லா மொழிகளிலும் இந்தப் பட்டம்தான். தமிழில் கூடுதலாகப் "பாலுணர்வைத் தூண்டும் மாத்திரை" என்றார்கள். 1998இல் வந்த வயாகரா இரத்தக்குழாயைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, விருப்பத்தை அது தொடுவதே இல்லை. விருப்பம் வந்த பிறகு உடல் ஒத்துழைக்க உதவும், அவ்வளவே. ஃபிளிபான்செரின் மூளையின் செரட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்கிறது, தினமும் இரவு படுக்கும்போது எடுக்க வேண்டியது, விருப்பக் குறைவுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒன்று உடலுக்கு, இன்னொன்று வேட்கைக்கு. பாலுணர்வு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் எழுதினால் இரண்டும் ஒரே மாத்திரையின் ஆண்பால், பெண்பால் போலத்தான் தோன்றும்.

நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பகுப்புக் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், பெண்களுக்கு விருப்பக் குறைவையும் கிளர்ச்சிக் குறைவையும் ஒரே நோய்ப்பெயரில் சேர்த்துவிட்டது. அவர்களே சேர்த்துவிட்டார்களே, நாம் ஏன் பிரிக்க வேண்டும்? அதே கையேட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் அறிகுறிகளைப் பாருங்கள். நாட்டம் குறைதல் ஒன்று, எண்ணங்கள் குறைதல் ஒன்று, இன்பம் குறைதல் ஒன்று, உறுப்பிலோ உடலின் பிற இடத்திலோ உணர்ச்சி குறைதல் இன்னொன்று. தலைப்பைச் சேர்த்தார்கள், சொற்களைச் சேர்க்கவில்லை.

சரி, பாலுணர்வு வேண்டாம் என்றால் எது? காமஇச்சை என்று சிலர் எழுதுகிறார்கள். இச்சை இன்று குற்றச் செய்தியின் சொல்லாகிவிட்டது, "இச்சைக்கு இணங்க மறுத்ததால்" என்றுதான் அதைப் படிக்கிறோம். காமம் எவ்வளவு பெரிய சொல்! திருக்குறளில் 25 அதிகாரங்களுக்கு அதுதான் பெயர். அதையும் கொடூரனோடு ஒட்டியே எழுதி எழுதிக் கெடுத்துவிட்டார்கள். ஒரு பெண் மருத்துவரின் எதிரில் உட்கார்ந்து "காமம் குறைந்துவிட்டது" என்று சொல்ல முடியாத நிலைக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது நாம்தான், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். பாலியல் நாட்டம் நல்ல சொல், ஆனால் ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு என்பதைச் சொல்ல அது இப்போது பயன்படுகிறது, அதைக் குழப்பக் கூடாது.

வேட்கை இருக்கிறது. வேள் என்ற வேரில் பிறந்தது, வேண்டு என்பதும் வேட்பாளரும் அதே குடும்பம். பழைய தமிழில் வேட்டல் தாகத்துக்கும் ஆகும். கலித்தொகையின் 51ஆம் பாட்டில் ஒருவன் வாசலில் வந்து "உண்ணுநீர் வேட்டேன்" என்று தண்ணீர் கேட்கிறான், அவள் கொண்டுவந்து கொடுத்ததும் கையைப் பிடிக்கிறான். அவன் வேட்டது தண்ணீரா, அவளையா? சொல் இரண்டையும் தாங்குகிறது. மருத்துவத்துக்கு இதுதான் எனக்குப் பிடித்த காரணம். தாகம் கூடும், குறையும், உடம்பில் உப்பு மாறினால் மாறும், அதற்காக யாரையும் யாரும் பழிப்பதில்லை. வேட்கை குறைந்துவிட்டது என்றால் அதே தொனியில் பேசலாம்.

தொல்காப்பியத்தின் களவியலும் வேட்கையைத்தான் காதலின் நிலைகளில் முதலாவதாக வைக்கிறது. பெண்ணுக்கு வேட்கை உண்டு, ஆனால் தலைவன் முன்னால் அவள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, புதுப் பானையில் ஊற்றிய நீர் வெளியே கசிவதுபோல அது தெரியும் என்று ஒரு நூற்பாவுக்குப் பொருள் சொல்கிறார்கள். சொல்லக் கூடாது என்ற அந்த விதியை நான் ஏற்கவில்லை. பெண்ணின் வேட்கைக்கு அன்றே பெயர் இருந்தது என்பதுதான் எனக்கு வேண்டியது.

வேட்கை இலக்கியச் சொல், நோயாளிக்குப் புரியாது என்பார்கள். விடுதலை வேட்கை என்று மேடையில் சொன்னால் புரிகிறவர்களுக்கு இது புரியாதா? அப்படியும் தயக்கமென்றால் "உடலுறவில் ஆசை குறையலாம்" என்று எழுதுங்கள், யார் தடுத்தார்கள்.

மொழிபெயர்ப்பவர்களிடம் இன்னொரு மனக்குறையும் உண்டு. மரத்துப்போதல் என்று பச்சைக்குழந்தைக்கும் தெரிந்த ஒரு சொல், மரம் போல் ஆவது என்று படமாகவே நிற்கும் சொல், கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு "பிறப்புறுப்பு உணர்வின்மை" என்று எழுதுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோனை "ஆண்மை ஹார்மோன்" என்றே எழுதிப் பழகிவிட்டார்கள், பெண்ணின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன என்பது அந்தப் பெயருக்குள் காணாமல் போகிறது. சில கருத்தடை மாத்திரைகள் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டுகின்றன, அதனால் தனித்து உலவும் அளவு குறைகிறது. பெரும்பாலோருக்கு வேட்கையில் மாற்றம் தெரிவதில்லை, சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் கூடுவதும் உண்டு. "ஆண்மை" என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை ஒரு பெண்ணுக்கு எப்படி விளக்குவது?

உடல் கிளர்வதற்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான சொல் கிடைக்கவில்லை. கிளர்ச்சி என்றால் போராட்டம் நினைவுக்கு வருகிறது, எழுச்சி ஆணுக்குத்தான் பொருந்துகிறது. இப்போதைக்குக் கிளர்வு என்று எழுதுகிறேன். என் தோழிக்கு அந்த வரியை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "இந்த மருந்தால் வேட்கை குறையலாம், உடல் கிளர்வது மந்தமாகலாம், உறுப்பு மரத்துப்போகலாம், உச்சம் தாமதமாகலாம் அல்லது வராமல் போகலாம். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்." மூன்றாவதன் கீழ் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டினாள். மருந்தை வேறு வகைக்கு மாற்றுவது பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.