ஆக்சலேட்: புளியாரையில் பிறந்த சொல்

தீவனப்புல் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) விற்பவரிடம் எந்த ரகம் நல்லது என்று கேட்டுப் பாருங்கள். மகசூல் இத்தனை, புரதம் இத்தனை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் "இதுல ஆக்சலேட் கம்மிங்க" என்பார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுக் கரணையை வாங்கிப் போய்விடுவார். கம்மியாக இருப்பது நல்லது என்பது மட்டும் புரிகிறது, அது என்ன பொருள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் செடி நம் வீட்டு வாசலிலேயே முளைத்துக் கிடக்கிறது.

கிரேக்க மொழியில் 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை. நாக்கில் சுரீரென்று இறங்குவதால் புளிப்பும் அதே சொல்லுக்குள் வந்துவிட்டது. அதிலிருந்து 'ஆக்சாலிஸ்' என்று ஒரு புளிப்புக் கீரைக்குப் பெயர் வந்தது, பிறகு தாவரவியலில் ஒரு பேரினத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். அந்தப் பேரினத்துச் செடிதான் நம் புளியாரை. ஈரத்தரையில் படர்ந்து, மூன்று மூன்று இலையும் சின்ன மஞ்சள் பூவுமாக நிற்கும், சிறு வயதில் பறித்துத் தின்றிருப்பீர்கள். நம் ஆட்களும் பெயர் வைத்த விதம் அதேதான்: ஆரைக்கீரை போல இலை, வாயில் போட்டால் புளிப்பு, ஆகவே புளி ஆரை. ஆக்சிஜனுக்கும் இதே வேர்தான், 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அந்த வாயு இருக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே தவறாக நினைத்து வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஒரு அணுகூட இல்லை, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் 1776 வாக்கில் சர்க்கரையோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து ஓர் அமிலத்தை எடுத்தார், அதற்குச் சர்க்கரை அமிலம் என்றே பெயர். புளிப்புக் கீரையில் இருக்கும் அமிலமும் இதுவும் ஒன்றுதான் என்று 1784ல் அவரே காட்டினார். அப்புறம் கீரையின் பெயர் நிலைத்து ஆக்சாலிக் அமிலம் ஆனது. அந்த அமிலம் ஓர் உலோகத்தோடு சேர்ந்து உப்பானால் ஆக்சலேட். கார்பனேட், சல்பேட் என்பதில் வரும் அதே வால்தான் இதிலும்.

இந்த உப்பில் இரண்டு வகை உண்டு, குழப்பமெல்லாம் இங்கேதான். சோடியத்தோடும் பொட்டாசியத்தோடும் சேர்ந்தது தண்ணீரில் கரையும். சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்தது கரையாது. பிடிகருணையைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டையில் குத்துகிறதே, அது கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். சிறுநீரகக் கல்லிலும் பெரும்பாலும் இருப்பது அதுதான். மாட்டுக்கு ஆபத்து கரையும் வகையால். அது வயிற்றுக்குள் போய், அங்கேயும் ரத்தத்திலும் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகிவிடும். 2.2 கிராம் ஆக்சலேட் ஒரு கிராம் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பது கணக்கு. ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கினால் மாடு தள்ளாடும், படுத்துவிடும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும்.

ரகத்துக்கு ரகம் இது எப்படி மாறுகிறது என்று பார்க்க செட்டேரியா புல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவில் பிறந்த புல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் பரவியது. நம் தினைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். அதில் கென்யா மேட்டுநிலத்திலிருந்து வந்தது நந்தி (நம் ஊர் நந்தி இல்லை, அங்கே ஒரு மாவட்டத்தின் பெயர்), அதே நாட்டிலிருந்து வந்த நாரோக் உறைபனியைத் தாங்கும், ஜாம்பியாவிலிருந்து வந்தது கசுங்குலா. பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் கசுங்குலாவில் கரையும் ஆக்சலேட் நந்தியைவிடத் தெளிவாகவே அதிகம், உரம் போட்ட இளம் புல்லில் உலர் எடையில் 5, 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பசியோடு வந்த மாடுகள் அப்படிப்பட்ட புல்லில் இறங்கி இறந்தது 1970லேயே பதிவாகியிருக்கிறது.

புல் ஏன் இதைச் சேர்த்து வைக்கிறது? வேர் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. நைட்ரேட்டைச் செடி புரதமாக்கிவிட்டால் பொட்டாசியத்தின் நேர்மின்னூட்டத்துக்கு ஈடான எதிர்மின்னூட்டம் இல்லாமல் போகிறது, அந்தக் காலி இடத்தை நிரப்பச் செடி அமிலங்களைத் தயாரிக்கிறது. ஒரு புல் மாலிக் அமிலத்தை வைத்துச் சமாளிக்கும், இன்னொன்று ஆக்சாலிக் அமிலத்தை வைத்துச் சமாளிக்கும். அதனால்தான் யூரியாவும் பொட்டாஷும் அள்ளிக் கொட்டிய தோட்டத்தில் ஆக்சலேட் அளவு ஏறுகிறது. தண்டைவிட இலையிலும், முற்றிய புல்லைவிட இளம்புல்லிலும் அதிகம். நம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கும் இது பொருந்தும்.

மாட்டுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. அசைபோடும் வயிற்றில் ஆக்சலேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, 1985ல் அதில் ஒன்றுக்கு ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜீன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஆக்சலேட்டை உடைத்து ஃபார்மிக் அமிலத்தின் உப்பாக மாற்றிவிடும். ஆனால் அவை பெருக நாளாகும், எனவே பழகாத மாட்டைத் திடீரென்று இளம்புல்லில் விடக்கூடாது. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. தீவனத்தில் கால்சியம் ஆக்சலேட்டின் பாதிக்கும் கீழே போனால், குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொடுத்து, தாடையும் முகமும் வீங்கி நிற்கும். 'பெரிய தலை' என்றே அந்த நோய்க்குப் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் ஆக்சலேட். இலங்கைப் பாடநூல் வழக்கில் ஆக்சிஜன் ஒட்சிசன், சல்பேட் சல்பேற்று, அதே வரிசையில் ஒட்சலேற்று. இரண்டும் ஒலிபெயர்ப்புதான், பொருள் எதிலும் தெரியாது. ஃபார்மிக் அமிலத்தை எறும்புக்காடி என்று தமிழாக்கியவர்கள் உண்டு, லத்தீனிலும் அந்தப் பெயர் எறும்பிலிருந்து வந்ததுதான். அதே வழியில் ஆக்சாலிக் அமிலத்தைப் புளியாரைக்காடி, ஆக்சலேட்டைப் புளியாரை உப்பு என்றால் என்ன குறை? ஐரோப்பாவிலும் மைக்கறை போக்க விற்ற பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டைப் புளிப்புக் கீரையின் உப்பு என்ற பொருள்படத்தான் அழைத்தார்கள். விவசாயியிடம் பேசும்போது நான் ஒரு தடவை புளியாரை உப்பு என்று விளக்கிவிட்டு, பிறகு ஆக்சலேட் என்றே தொடர்வேன். ஆய்வகச் சீட்டில் அவர் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

அடுத்த முறை யாராவது "ஆக்சலேட் கம்மிங்க" என்றால், கரையும் புளியாரை உப்பா, மொத்தமா, எத்தனை நாள் புல்லில் அளந்தது என்று கேட்டுப் பாருங்கள்.