மாரத்தான் ஓடப்போகிறீர்களா? ஸ்ட்ரெச்சிங்கிடம் அளவோடு எதிர்பாருங்கள்

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடோ கெண்டைக்கால் இறுக்கத்தோடோ வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: "ஸ்ட்ரெச்சிங் ஒழுங்காப் பண்ணல, அதனாலதான் இப்படி." அவர்களுடைய ஓட்டக் கணக்கை வாங்கிப் பார்த்தால் வேறு கதை தெரியும். போன மாதம்வரை வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடியவர், தேதி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் திடீரென்று 40க்குப் போயிருப்பார். பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் விசாரிப்பது அந்தத் தாவலைத்தான்.

42.195 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் தரையில் சுமார் இருபதாயிரம் தடவை இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறும். பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் இதற்குப் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும், எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எலும்பு, புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் பழைய பகுதியை அரித்தெடுக்கும். அதனால் ஓட்டத்தைக் கூட்டிய சில வாரங்களில் அது கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூச்சு வாங்கவில்லை, இன்னும் ஓடலாம் என்று தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள். எவ்வளவு ஸ்ட்ரெச்சிங் செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஏற்கெனவே வாடிக்கையாக ஓடுகிறவருக்கே 16 முதல் 20 வாரம் தயாரிப்பு வேண்டும். இரண்டு மூன்று வாரம் கூட்டி ஓடினால், அடுத்த வாரம் குறைத்து ஓடுங்கள். பெரும்பாலான ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருந்தால் போதும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கச் சொன்னால் பலருக்கு மனசு வராது. குறைத்தே ஆகவேண்டும்.

சரி, ஸ்ட்ரெச்சிங்குக்கு வருவோம். ஓடுவதற்கு முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நின்றால், அந்தத் தசையின் பலம் சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அரை நிமிடம் பிடித்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஓட்டக் காயங்களைத் தடுக்கும், மறுநாள் வலியைக் குறைக்கும் என்ற இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஆய்வில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அதனால் ஓடும் முன் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை உயர்த்தி நடப்பது, ஒரு காலை நீள எடுத்துவைத்து முழங்காலை மடக்கித் தாழ்ந்து நடக்கும் லஞ்ச் (lunge) நடை என்று அசைந்துகொண்டே செய்பவை போதும்.

குனிந்து தலையால் முழங்காலைத் தொடும் அளவுக்கு ஓட்டக்காரருக்கு வளைவு தேவையில்லை. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் ஸ்பிரிங் மாதிரி, கால் இறங்கும்போது சக்தியைச் சேர்த்துவைத்து, தள்ளும்போது திருப்பிக் கொடுக்கிறது. அதில் ஓரளவு விறைப்பு இருப்பது நல்லதுதான்.

அப்படியானால் நிதானமாக நின்று செய்யும் ஸ்ட்ரெச்சிங் வேண்டாமா? சில இடங்களில் வேண்டும். முதலாவது கணுக்கால். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டாலோ, இரண்டு காலுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தாலோ கெண்டைக்காலைக் கவனிக்கலாம். முழங்காலை நீட்டியபடி ஒரு முறை, லேசாக மடக்கியபடி ஒரு முறை. இந்த இரண்டாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். ஓடும்போது அதிகம் உழைக்கும் ஆழமான கெண்டைத் தசையை எட்டுவது அதுதான். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், இடுப்பின் முன்பக்கம் இறுக்கமாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 30 விநாடி, இரண்டு மூன்று தடவை, ஓட்டத்துக்குப் பிறகோ வேறு நேரத்திலோ. ஆரம்பத்தில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் தசை நீண்டதால் வருவதில்லை. இழுவையைத் தாங்க நரம்பு மண்டலம் பழகியதால் வருவது. ஆகவே பல வாரம் விடாமல் செய்யவேண்டும்.

வலிக்கிற இடத்தையெல்லாம் இழுப்பதுதான் நான் பார்க்கும் பெரிய தொல்லை. உட்காரும்போது தரையில் படும் எலும்பையொட்டி வலித்தால், பின்தொடையை இழுக்க இழுக்கத் தசைநாண் எலும்பில் அழுந்தி வலி கூடலாம். குதிகால் எலும்போடு தசைநாண் சேரும் இடத்தில் வலி இருப்பவர், படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டு இழுத்தாலும் அதே கதைதான். மரத்துப்போவதும் மின்சாரம் பாய்வதுபோல இருப்பதும் நரம்பு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். எலும்பின் மேல் ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலோ, இரவிலும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதியை ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதற்கும் ஸ்குவாட்டுக்கும் கொடுங்கள் என்பேன். இது என் சொந்தச் சாய்வுதான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. வலுப்பயிற்சி சேர்த்தவர்கள் அதே வேகத்தைக் குறைந்த சக்தியில் ஓடுவதாக ஆய்வுகள் உண்டு.

ஸ்ட்ரெச்சிங் உடனே கைகொடுக்கும் சமயம் ஒன்று உண்டு. 30 கிலோமீட்டருக்கு அப்புறம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் ஓரமாக நின்று, முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து மெதுவாக முன்னால் சாயுங்கள். துள்ளித் துள்ளி இழுக்காதீர்கள். பிடிப்பு விட்டதும் கொஞ்ச தூரம் நடந்து, முன்பு ஓடியதைவிடக் குறைந்த வேகத்தில் மறுபடி ஓடத் தொடங்குங்கள்.