தமனிக் கூழ்த்தடிப்பு: தோலுக்கு இதில் என்ன வேலை?

முழங்கால் தேய்மானத்தையும் இதய நோயையும் சேர்த்துப் பேசும் தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது “பெருந்தமனி தடிப்புத் தோல் அழற்சி”. ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும் நோயான அதிரோஸ்கிளிரோசிஸுக்கு இதுதான் தமிழாம். இந்தப் பெயரை ஒட்டியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் கை நின்றிருக்கும்.

ஆங்கிலச் சொல் பிறந்த கதை எளிது. கிரேக்கத்தில் ‘அதேரே’ என்றால் கஞ்சி, கூழ். ‘ஸ்க்ளேரோஸ்’ என்றால் கடினம். 1904-இல் ஜெர்மன் நோயியலாளர் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் செத்த செல்களும் சேர்ந்த கூழ், அதன்மேல் நார்த்திசு மூடி. அவ்வளவுதான் நோய்.

இனி அந்தத் தொடரைப் பிரிப்போம். பெருந்தமனி என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் அயோர்ட்டா ஒன்றுதான். இந்த நோயோ இதயத் தமனி, கழுத்துத் தமனி, முழங்காலின் பின்குழியில் ஓடும் தமனி என்று பல இடங்களில் வரும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு அளந்தது கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை. பெண்களிடம் அது முழங்கால் தேய்மானத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டது.

அடுத்து ‘தடிப்புத் தோல் அழற்சி’. அது தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ்! வேறு நோயாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டழற்சியும் வருவதுண்டு. அந்த மூட்டழற்சி தனி நோய், தனி மருந்து. ஆகவே மூட்டுக்கும் தோல் அழற்சிக்கும் தொடர்பு என்று படிப்பவருக்குப் பிழை இருப்பதே தெரியாது.

‘தமனி இறுக்கம்’ என்பாரும் உண்டு. தமனி எதனால் இறுகினாலும் சொல்லும் ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ் என்ற பொதுப்பெயருக்கு அது பொருந்தும், இதற்குப் போதாது. நாள்பட்ட சர்க்கரை நோயாளியின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் பார்த்தால், எலும்புக்குப் பின்னால் தண்டவாளம்போல் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிவதுண்டு. தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. குழாய் இறுகிவிட்டது; கூழ் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

‘தமனிக்கூழ்மைத் தடிப்பு’ நெருங்கி வருகிறது. ஆனால் கூழ்மை என்றதும் வேதியியல் பாடத்துக் கூழ்மம்தான் நினைவுக்கு வரும். கூழைக் கூழ் என்று சொல்ல ஏன் கூச்சம்? ‘தமனிக் கூழ்த்தடிப்பு’ போதும். நோயாளியிடம் ‘ரத்தக் குழாயில் கொழுப்பு படிஞ்சிருக்கு’ என்றாலே புரியும்.

கூடவே வரும் மூட்டு நோயின் பெயரும் கெட்டுக் கிடக்கிறது. மூட்டு தேயும் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு, யூரிக் அமில மூட்டுவலி மூன்றுக்கும் ‘கீல்வாதம்’ என்றே எழுதுகிறார்கள். முதலாவதற்கு வீட்டில் சொல்லும் ‘மூட்டுத் தேய்மானம்’ எவ்வளவோ தெளிவு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரும் அடியிலுள்ள எலும்பும்தான் ஊட்டம் தர வேண்டும். அந்த எலும்புக்குப் போகும் குழாய்கள் சுருங்கினால் தேய்மானம் கூடலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். வயதும் எடையும் இரண்டு நோய்க்கும் பொது என்பதால், ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது.

படி ஏறும்போதும் உட்கார்ந்து எழும்போதும் முட்டி வலித்தால் பெரும்பாலும் தேய்மானம். நடக்க நடக்கக் கெண்டைக்காலைக் கவ்விப் பிடித்து, நின்ற சில நிமிடங்களில் வலி விட்டுவிட்டால் தமனியைப் பார்க்க வேண்டும். அந்த ஆளிடம் போய்த் ‘தோல் அழற்சி’ என்று எழுதிக் கொடுத்தால், களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருப்பார்.