பக்கவாதம் வந்தால் காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் செல்லும்? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

வாய் ஒரு பக்கம் கோணி, கை கால் விழுந்துபோன ஆளை வைத்துக்கொண்டு யாரும் பீரோவில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அது இலவசம். அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சை தொடங்க அட்டை தேவையில்லை. வீட்டில் இருப்பவர் பிறகு எடுத்து வரலாம். அட்டையே கிடைக்காவிட்டாலும், ஸ்மார்ட் ரேஷன் கார்டு எண் இருந்தால் காப்பீட்டுப் பதிவைத் தேடி எடுத்துவிட முடியும். அந்த எண்ணை இன்றே வீட்டில் இரண்டு பேர் போனில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு அவசரம் ஏன்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி அடைத்து வரும் வாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும், எவ்வளவு முன்னதாகப் போடுகிறார்களோ அவ்வளவு பலன். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் உண்டு. அது பொதுவாக 6 மணி நேரத்துக்குள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை செய்கிறார்கள். இந்தக் கணக்கு நோயாளியை 'கடைசியாக நல்லபடியாகப் பார்த்த' நேரத்திலிருந்து தொடங்கும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஐந்துக்கு எழும்போது கை வரவில்லை என்றால், டாக்டர் பத்து மணியைத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் நேரத்தைச் சரியாகச் சொல்ல ஒருத்தர் கூடவே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைத் தினமும் பார்ப்பவர்களுக்கு நாலரை மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்தில் அந்த நேரத்தைத் தின்பது லாரி மட்டுமல்ல. முதலில் தெருமுனை கிளினிக், அங்கே ஒரு குளுக்கோஸ், பிறகு பிரஷர் மாத்திரை, அதற்கப்புறம் யாராவது புறா ரத்தம் தடவச் சொல்வார்கள். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெடித்திருந்தால் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். விழுங்கும் தசைகள் செயலிழந்திருக்கலாம் என்பதால் தண்ணீர், காப்பி எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அடைப்பா கசிவா என்று பிரித்துச் சொல்வது சிடி ஸ்கேன். ஆகவே சிடி ஸ்கேனும் அதைப் பார்த்து முடிவெடுக்கும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். வடசென்னையில் அரசு மருத்துவமனை என்றால் பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சை என இரு துறைகளும் உண்டு. 108 வண்டி ஏறியதுமே 'பக்கவாதம் மாதிரி இருக்கிறது, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது' என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அட்டைக்கு வருவோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தப் பெயரில் 2012 ஜனவரி 11 முதல் நடக்கிறது. 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இதற்கு முன்னோடி. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இந்த 5 லட்சம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்த தொகை இல்லை, குடும்பத்துக்கே சேர்த்து. அப்பாவின் மூளைச் சிகிச்சைக்கு 3 லட்சம் போனால், அந்த ஆண்டில் மீதி 2 லட்சம்தான் மற்றவர்களுக்கு. ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை இருந்தது என்று காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இதில் இடமில்லை. தனியார் காப்பீட்டில் அடிபட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

யாருக்குக் கிடைக்கும்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பு 2022-இல் உயர்ந்தது. அதற்கு முன் 'உனக்குத் தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்ப் பார்க்கவே இல்லை என்பதை அடிக்கடி காண்கிறேன். பழைய வரம்பால் தவறியவர்கள் ஒரு தடவை போய்க் கேளுங்கள். குடும்பம் என்றால் குடும்பத் தலைவர், சட்டப்படியான கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். பிள்ளைகளுக்கு வேலை, திருமணம், 25 வயது, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் இதில் பெயர் ஏறும். திருமணமாகி வந்த மருமகள், ஊரிலிருந்து வந்து தங்கிய அம்மா ஆகியோர் விடுபடுவது இந்த இடத்தில்தான். வாதம் பெரும்பாலும் வயதான அம்மாவைத் தேடி வருகிறது, அவர் பெயரோ கிராமத்து ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டின் பேரில் அங்கே பதிவு செய்திருந்தால் பிரச்சினை இல்லை, அட்டை தமிழ்நாடு முழுக்கச் செல்லும். எங்கேயும் பதிவில்லை என்றால்தான் சிக்கல். பிற மாநிலங்களிலிருந்து வந்து மணலி, மாதவரம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இங்கே குடியிருக்கிறார்கள் என்ற சான்றோடு சேர வழி உண்டு. சொந்த ஊரில் ஆயுஷ்மான் அட்டை இருந்தால் அதையும் காட்டிக் கேட்கலாம்.

பதிவு செய்யும் இடம் நமக்குப் பக்கம்தான். ராஜாஜி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில், காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் இருக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தில் உள்ளவர்களின் ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்துவிட்டன. இன்னும் திருவள்ளூருக்குப் பஸ் ஏறும் பழக்கம் சிலருக்கு விடவில்லை. மீஞ்சூர்க்காரர்கள் மட்டும் இப்போதும் திருவள்ளூர்தான். 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்களிலும் இந்தப் பதிவு நடந்தது. எதுவாக இருந்தாலும் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது. ஐசியு வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

மூளை ரத்தக்குழாய் நோய்களில் இந்த அட்டை எதற்கெல்லாம் கைகொடுக்கும் என்று பார்த்தால், முதலில் ஒரு விதி. இது படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கான திட்டம். சும்மா ஓபி பார்த்து மாத்திரை வாங்க இதில் பணம் வராது. அதோடு, பட்டியலில் பெயர் உள்ள சிகிச்சைக்குத்தான் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கும் அப்படியே. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை என்றாலும் எல்லாத் துறைக்கும் அங்கே அனுமதி இருக்காது. எலும்புக்கு இருக்கும், நரம்பு அறுவைக்கு இருக்காது. 'அட்டை வாங்குவீர்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். 'மூளை ரத்தக்குழாய் சிகிச்சைக்கு வாங்குவீர்களா?' என்று கேளுங்கள்.

திடீரென்று, இதுவரை வாழ்க்கையில் வராத அளவுக்குத் தலை பிளப்பது போன்ற வலி, கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், சிலருக்கு மயக்கம் என்று வந்தால் மூளையின் ரத்தக்குழாயில் பலூன் போல உப்பியிருந்த இடம் வெடித்திருக்கலாம். அனியூரிசம் என்பார்கள். சிடி, அதன்பின் ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ. தீர்வு இரண்டு வகை. மண்டையைத் திறந்து உப்பலின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று. குழாய் வழியாகப் போய் உள்ளே பிளாட்டினக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, அடைப்பது இன்னொன்று. காயில் விலை அதிகம், ஒரு நோயாளிக்குப் பல காயில் தேவைப்படும். 'காயிலுக்கு மட்டும் நீங்கள் கட்டுங்கள்' என்ற பேச்சு எழும் இடம் இதுதான். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை காயில் விலை தொகுப்புக்குள்ளேயே வரும், அதற்கு மேல் போனால் மருத்துவமனை கூடுதல் தொகை கேட்க வழி உண்டு. அப்படிக் கேட்டு அனுமதி வாங்கினீர்களா என்று முதலில் அவர்களிடம் விசாரியுங்கள், பிறகு பர்சைத் திறக்கலாம்.

பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் சிக்கிப் பின்னிக்கிடக்கும் ஏவிஎம் என்ற கோளாறுக்குப் பசை செலுத்தி அடைப்பது, கழுத்து ரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பது, மேலே சொன்ன கட்டியை வெளியே இழுப்பது ஆகியவையும் ஆயுஷ்மான் பட்டியலில் உள்ளவை. கரைக்கும் ஊசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.

இன்னொரு வகையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பிரசவமான சில நாட்களில், வாரங்களில் சில பெண்களுக்குத் தீராத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வரும். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் ரத்தம் உறைவது இதற்கு ஒரு காரணம். 'பச்ச உடம்பு, காத்துப் பட்டுடுச்சு' என்று வீட்டில் வைத்துவிடுகிறார்கள். சாதாரண சிடியில் இது தப்பிப்போகக்கூடும், சிரைகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்தில் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சீட்டோடு ஸ்டான்லிக்குப் போகலாம். பிரசவமாகி எத்தனை நாள் ஆகிறது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தனியாரில் சேர்த்தால் நடைமுறை இப்படி: மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். அவர் ஸ்கேன், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும், அவசரத்தில் உடனடி அனுமதி வாங்கவும் முறை இருக்கிறது. நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கும் முறையும் இந்தத் திட்டத்தில் இல்லை. 'இப்போதைக்குக் கட்டுங்கள், காப்பீடு வந்ததும் தருகிறோம்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் குறைதீர் குழுவும் இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் ரசீது, அனுமதிக் கடிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய செலவு தொடங்குகிறது. உண்மையில் காப்பீட்டு அட்டையின் பலவீனம் இங்கேதான், மாதக்கணக்கில் தேவைப்படும் உடற்பயிற்சிக்கு அது உதவாது. இந்த இடத்தை மக்களைத் தேடி மருத்துவம் ஓரளவு நிரப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வருகிறார். தானாக யாரும் வந்துவிட மாட்டார்கள். உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயர் எழுத வைக்க வேண்டும்.

கை கால் திரும்பவே இல்லை என்றால் மாற்றுத்திறனாளி சான்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி வரும். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வாதம் வந்த மறு வாரமே சான்று கேட்டால் தரமாட்டார்கள். எவ்வளவு தேறுகிறது என்று பார்த்த பிறகே அளப்பார்கள்.

இதற்கெல்லாம் வெளியே, நம் பகுதியில் நிறையப் பேருக்குப் பொருந்துகிற ஒன்று இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குப் பிடித்தம் போகும். அவர்களும் குடும்பத்தாரும் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை வழியாகச் சிகிச்சை பெறலாம். ரயில்வே ஊழியர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை தனி. இஎஸ்ஐயில் பலர் கேட்டு வாங்காத ஒன்று சம்பள இழப்புக்கான பணம். சாதாரண நோய்க்கு 70 சதவீதச் சம்பளம், 91 நாள் வரை. ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், குறைந்தது இரண்டு ஆண்டு வேலையும் போதிய சந்தாவும் உள்ள தொழிலாளிக்கு அந்த 91 நாள் முடிந்தபின் 80 சதவீதமாக, மருத்துவக் குழு ஒப்புதலோடு இரண்டு ஆண்டு வரைகூட நீளும். கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கும் சந்தா கட்டப்பட்டிருந்தால் இது உண்டு. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ எண் இருக்கிறதா, பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.